கோல்கீப்பரின் வலது கண்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது, அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டதா, வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாமல் இருக்கிறாயா, இதையெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன், பின்னால் கேட்க எனக்குத் தெம்பு இருக்குமோ என்னவோ. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரிக்குக் கை வரவில்லை. பயந்துவிடாதே, உட்கார்ந்து படி. உன் தம்பிக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை, இன்னொரு கண் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறான், பேசுகிறான். ஆனால் அந்தக் கண்ணில் பார்வை திரும்புமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. போன வாரம் நீ போன் செய்தபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேனே, லைன் நன்றாகத்தான் இருந்தது, உன் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேனோ என்று பயந்து வைத்தேன், அவ்வளவுதான் விஷயம். அக்காவுக்குப் போனில் சொல்லக் கூடாது என்று அவன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். நானும் செய்து கொடுத்தேன். போனில் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம், எழுதுவதைப் பற்றி அவனும் கேட்கவில்லை நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எக்ஸ்ரே உறையை மடியில் வைத்து அதன் மேல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போன வருஷம் நம் காலேஜ் டீம் முதல் டிவிஷனுக்கு ஏறியது உனக்குத் தெரியும், உன் அப்பா கோச்சாக வந்த பிறகு அதுதான் முதல் தடவை, பையன்கள் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றிய போட்டோவை நான்தான் உனக்கு அனுப்பினேன், அதில் அவர் முகம் கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அழுகிற குழந்தை மாதிரி இருக்கிறது என்று நீ சிரித்தாயே. இந்த சீசனும் அப்படித்தான் தொடங்கியது. முதல் சில ஆட்டங்கள் ஜெயித்தோம். டீமின் ஜெர்ஸியெல்லாம் நான் கவுண்டரில் நிற்கிற லாண்டரிக்குத்தான் வரும், முதலாளியம்மா மூட்டையைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரரு பந்து விளையாட வைக்கிறாரா, இல்ல கிணறு வெட்ட வைக்கிறாரா” என்பாள். எனக்கு அந்தச் சேறு பிடிக்கும். எந்த ஜெர்ஸியில் எங்கே சேறு இருக்கிறது என்று பார்த்தே யார் ஓடினான் யார் சும்மா நின்றான் என்று சொல்லிவிடுவேன். உன் தம்பியின் ஜெர்ஸிதான் எப்போதும் மோசம், இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தோள் வரை அப்பியிருக்கும், இந்தப் பக்கமும் பாய்ந்தான் அந்தப் பக்கமும் பாய்ந்தான் என்று அர்த்தம். உன் அப்பா காலையில் சவரம் செய்யும்போது விசில் அடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு நம் வீட்டில் விசில் சத்தம் கேட்கவில்லை.

நடுவில் ஒரு ஆட்டத்தில் எதிர் டீம்காரன் ஒருவன் கிட்டத்தில் நின்று உதைத்த பந்து நேராக உன் தம்பி முகத்தில் அடித்தது. நான் அன்றைக்கு கேலரியில் இருந்தேன். ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம். விழுந்தான், எழுந்தான், கண்ணைக் கசக்கினான், நடுவரிடம் ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான். பந்து கோலுக்குள் போகவில்லை, அவன் முகத்தில் பட்டு வெளியே போய்விட்டது, அதனால் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பெருமை தாங்கவில்லை எனக்கு. இப்போது அதை நினைத்தால் இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீக்கம் சில நாளில் வடிந்தது, கண் சிவப்பும் போனது, நாங்களும் மறந்துவிட்டோம். ஆனால் அதிலிருந்து கோல் வாங்க ஆரம்பித்தான். சும்மா உருண்டு வருகிற பந்து, தூங்கிக்கொண்டே பிடிக்கிற பந்து, எல்லாம் உள்ளே போயின. தோல்விக்கு மேல் தோல்வி. பிரின்சிபால் உன் அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, டீ வாங்கிக் கொடுத்து, நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், “சார், இந்த வருஷம் கீழ எறங்கினா டீமையே கலைச்சிடலாம்னு மேல இருக்கறவங்க நெனைக்கிறாங்க, கிரவுண்டுல கட்டடம் வரப்போகுது, என்னால தடுக்க முடியாது.” டீம் போனால் கோச் எதற்கு. உன் அப்பா அந்த டீயைக் குடிக்காமலே வீட்டுக்கு வந்தார்.

அவர் கோச்சாகவும் அப்பாவாகவும் யோசித்தார், இரண்டிலும் தப்பாக யோசித்தார். முகத்தில் அடிபட்டதிலிருந்து பையனுக்குப் பந்தைக் கண்டால் பயம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நிறைய கோல்கீப்பருக்கு அப்படி ஆகுமாம். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அடுத்த தோல்வி முடிந்து எல்லோரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிற அறையில், எல்லார் முன்னாலும், “பந்தப் பாத்துப் பயப்படறவனுக்குக் கிளவுஸ் எதுக்குடா” என்று கேட்டு, கையை நீட்டி வாங்கி, நெட்டையிடம் கொடுத்துவிட்டார். நெட்டை என்றால் முதல் வருஷப் பையன், நம் வீட்டு வாசற்படியில் குனிந்துதான் நுழைவான், நல்லவன், ஆனால் அவன் குனிந்து பந்தை எடுப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். சொந்தப் பிள்ளை என்பதால் விட்டுவைத்திருக்கிறார் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று அவருக்கு. அந்த ரோஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார் பார். உன் தம்பி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து வந்தான்.

அப்புறம் வீட்டில் நடந்ததை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய், நானும் முதலில் சிரித்தேன். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு, “அவன்கிட்ட சொல்லு, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்பார் இவர். “உப்பு அவருக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லும்மா” என்பான் அவன். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு நாட்டுக்கும் தூது போனேன். பிறகு அந்தச் சிரிப்பும் வற்றிப்போனது. மூட்டையைப் பிரித்தால் எல்லா ஜெர்ஸியும் அழுக்காக வரும், அவனுடையது மட்டும் மடிப்புக் கலையாமல் வரும், பெஞ்சில் உட்கார்ந்தவன் ஜெர்ஸியில் என்ன அழுக்கு இருக்கும். நான் அதையும் மற்றதோடு சேர்த்துப் போட்டுத் துவைத்தேன். டீம் தோற்றுக்கொண்டே போனது, கடைசி ஆட்டத்தில் டிராவாவது செய்தால்தான் தப்பிக்கலாம் என்ற இடத்துக்கு வந்து நின்றது.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் உன் தம்பி என்னைக் கூட்டிப்போக லாண்டரிக்கு வந்தான். கவுண்டருக்குப் பக்கவாட்டில் அந்த இஸ்திரி மேஜை இருக்கிறதே, அங்கே நான் காலுறைகளை ஜோடி சேர்த்து உருட்டிக்கொண்டிருந்தேன். சின்ன வயசிலிருந்து எங்களுக்குள் ஒரு விளையாட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது அவன் மேல் எறிவேன், அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டே பிடித்துவிடுவான், உருளைக்கிழங்கு, சோப்பு, ஒரு தடவை உன் கணக்குப் புத்தகம். அவன் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு காலுறை உருண்டையை எறிந்தேன். அவனுடைய வலது பக்கத்திலிருந்து. அது நேராகப் போய் அவன் காதில் பட்டு விழுந்தது. கை அசையவில்லை. தலை அசையவில்லை. பட்ட பிறகுதான் திடுக்கிட்டான். இன்னொன்றை எடுத்து, “இந்தப் பக்கம் பாக்காம நில்லு” என்று சொல்லிவிட்டு எறிந்தேன், அதுவும் தோளில் பட்டு விழுந்தது. அவன் சிரித்து மழுப்பப் பார்த்தான். நான் கவுண்டர் கதவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “என்னடா ஆச்சு உன் கண்ணுக்கு” என்று கேட்டேன். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு யாரும் தெரியவில்லை. “ஒண்ணுமில்லம்மா, ஓரத்துல கொஞ்சம் கறுப்பா இருக்கு, மொதல்ல தூசி மாதிரி பறந்துச்சு, இப்ப அந்தப் பக்கம் பாதி தெரியல, சீசன் முடியட்டும் பாத்துக்கலாம்” என்றான். பாதி தெரியவில்லை என்பதைப் பொத்தான் அறுந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னான் உன் தம்பி. ஏன்டா அப்பாவிடம் சொல்லவில்லை என்றதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னை இன்னமும் தின்கிறது. “பயந்தவன்னு சொல்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா சொன்னதா இருக்கும், இப்ப சொன்னா சாக்குன்னுதானம்மா சொல்லுவாரு.”

காலையில் முதல் வேலையாகக் கண்ணாஸ்பத்திரி, டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் அப்பாவுக்கு, இதுதான் எங்களுக்குள் பேச்சு. நான் அதற்கு ஏன் ஒத்துக்கொண்டேன், கேட்காதே, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிடுவார் என்ற நப்பாசைதான். மறுநாள் காலை நாங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா உள்ளே வந்து அந்தக் கிளவுஸை மேஜை மேல் வைத்தார். பயிற்சியில் நெட்டைக்கு விரல் பிசகிவிட்டதாம். “அவன்கிட்ட சொல்லு, இன்னைக்கி அவன்தான் நிக்கிறான்.” உன் தம்பி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சரின்னு சொல்லும்மா” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எத்தனையோ நாளாகப் பார்க்கவில்லை. ஆட்டம் மத்தியானத்துக்கு மேல்தானே, அதற்குள் டாக்டர் சொல்லிவிடுவார் என்று வாயில் வந்ததை நான் விழுங்கினேன். உன் அப்பா கோடு போட சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்குப் போய்விட்டார்.

கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, அந்த டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் பேச்சு குறைந்துகொண்டே போனது. கண்ணுக்குப் பின்னால் சுவரில் காகிதம் ஒட்டிய மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, விழித்திரை என்பார்கள், அடிபட்டதில் அது கிழிந்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்துகொண்டிருக்கிறது, நடுப்பகுதியும் கழன்றுகொண்டிருக்கிறது, இன்றைக்கே அட்மிட் செய்யுங்கள், நாளைக்கு ஆபரேஷன் என்றார். “குதிக்கவோ விழவோ கூடாது, தலையில ஒரு தட்டுகூடப் படக் கூடாது. அடிபட்ட அன்னைக்கே ஏம்மா கூட்டிட்டு வரல” என்று கேட்டார். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார், அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அட்மிஷன் ஜன்னலில் மத்தியானம் முழுக்க வரிசையில் நின்றேன், அவனைப் பின்னால் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் என் கைப்பை மட்டும் இருக்கிறது.

எங்கே போயிருப்பான் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. உன் அப்பாவுக்குப் போன் அடித்தேன், ஆட்டம் நடக்கும்போது அவர் எடுக்க மாட்டார் என்று உனக்குத் தெரியும். டாக்ஸிக்காரரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அந்த மனுஷர் சிக்னலில்கூட நிற்கவில்லை. கேட்டில் இறங்கும்போதே கேலரி முழுக்க ஆள், ஒரே இரைச்சல், இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்படியே முடிந்தால் தப்பித்தோம். உன் தம்பி கம்பத்துக்கு நடுவில் நிற்கிறான், மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையை முழுசாக வலது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. ஜெர்ஸி இரண்டு பக்கமும் சேறு. எத்தனை தடவை விழுந்திருந்தால் அவ்வளவு சேறு ஆகும் என்று எனக்குத் தெரியும். கயிற்றைத் தாண்டிக் கோட்டோரம் ஓடினேன், யாரோ ஒருவன் என் தோளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான், உதறிவிட்டேன். உன் அப்பா என்னைப் பார்த்து, நீ எங்கே இங்கே என்கிற மாதிரி புருவத்தைச் சுருக்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், அத்தனை பேர் முன்னால். “பையனுக்குக் கண்ணு போயிட்டிருக்குங்க, அன்னைக்கி அடிபட்டதுல, வலது பக்கம் தெரியலைங்க அவனுக்கு, பயமில்லைங்க அது, விழவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, இன்னைக்கே சேக்கச் சொல்லிட்டாங்க.” அவர் என்னையே பார்த்தார். நான் ஏதோ தெரியாத பாஷையில் பேசின மாதிரி பார்த்தார். அந்த நேரத்தில் எதிர் டீமுக்கு கார்னர் கிடைத்திருந்தது, வலது பக்கத்திலிருந்து.

அவர் விசில் ஊதவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. ஓடினார். மைதானத்துக்கு உள்ளே, ஆட்டத்துக்கு நடுவில். எனக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த மனுஷர் அந்த வெள்ளைக் கோட்டை மிதித்து நான் பார்த்ததில்லை, யாராவது மிதித்தால் சண்டைக்குப் போகிறவர். பந்து வருகிறது, உன் தம்பி முட்டியை மடக்கிக் குதிக்கத் தயாராகிறான், இவர் போய் அவனை அப்படியே இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பந்து இவர் முதுகில் பட்டு எங்கேயோ போனது. நடுவர் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்து சிவப்பு அட்டையை நீட்டினார், இவர் திரும்பியே பார்க்கவில்லை. உன் தம்பி திமிறினான். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அவன் கத்திக்கொண்டிருந்தான், “விடுங்கப்பா, பயந்தவன்னு சொன்னீங்கல்ல, பாருங்க, நிக்கிறேன்ல, இன்னும் கொஞ்ச நேரம்தான், விடுங்க.” உன் அப்பா அவன் கையிலிருந்து கிளவுஸை ஒவ்வொரு விரலாக உருவினார், சின்னக் குழந்தைக்குக் கழற்றுகிற மாதிரி. “எனக்கு டீம் வேணாம்டா, வாடா” என்றார், அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற கேப்டன் கையில் கிளவுஸைத் திணித்தார். கேப்டனைத்தான் உனக்குத் தெரியுமே, எதிராளி கால் இடுக்கில் எல்லாம் புகுந்து ஓடுவதால் சுண்டெலி என்று பேர், நின்றுகொண்டு கையை நீட்டினாலும் மேல் கம்பி எட்டாது. அவனுக்கு அந்தக் கிளவுஸ் முழங்கை வரை வந்தது. நாங்கள் கேட்டைத் தாண்டும்போதே முதல் கோல் போட்டுவிட்டார்கள், அந்தக் கூச்சல் தெருவரைக்கும் கேட்டது. இன்னொன்றும் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவர் காலையில் கிரவுண்டுக்கு எடுத்துவந்த நம் காரிலேயே கிளம்பினோம். உன் அப்பா ஸ்பீட் பிரேக்கர் வரும் இடமெல்லாம் நின்று நின்று, முட்டை வண்டி ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்.

ஆபரேஷன் நீண்டுகொண்டே போனது. உரிந்ததை மறுபடி ஒட்ட வைத்து, அது விலகாமல் இருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை அடைத்திருக்கிறார்கள். அந்த வாயுக் குமிழி பின்னால் போய் அழுத்த வேண்டும் என்றால் பையன் முகத்தைக் கீழே கவிழ்த்தபடியே கிடக்க வேண்டும், படுத்தாலும் அப்படி, உட்கார்ந்தாலும் தலை குனிந்தபடி, சாப்பிடும்போதும் அப்படித்தான். கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு ஓட்டை போட்ட மெத்தை. அதில் முகத்தைப் பதித்துக்கொண்டு தரையை மட்டும் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என் பிள்ளை, பறந்து பறந்து பந்து பிடித்தவன். முதல் தடவை கட்டை அவிழ்த்து டாக்டரம்மா கையை ஆட்டி எத்தனை விரல் என்று கேட்டார். “வெளிச்சம் தெரியுது மேடம்” என்றான். விரல் தெரிகிறதா என்று மறுபடி கேட்டார். “வெளிச்சம் நல்லாத் தெரியுது” என்றான், அவரைச் சந்தோஷப்படுத்துகிற மாதிரி. வாயு கரைந்த பிறகுதான் சொல்ல முடியும், நடுப்பகுதி கழன்றிருந்ததால் எதுவும் உறுதி சொல்ல மாட்டேன், திரும்பலாம், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். நான் அவர் பின்னாலேயே வராந்தாவில் ஓடி, என் கண்ணை எடுத்து அவனுக்கு வைக்க முடியுமா என்று கேட்டேன். எனக்கு வெட்கமில்லை, கேட்டேன். இந்தச் சவ்வை அப்படி மாற்ற முடியாதும்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் படித்தவளில்லையா, எனக்கும் தெரியும். தெரிந்தும் மறுநாளும் கேட்டேன்.

பையன்கள் வந்தார்கள். சுண்டெலி வாசலிலேயே நின்று தேம்பினான், என்னால்தான் டீம் போச்சு என்று. உன் தம்பி தரையைப் பார்த்தபடியே, “நீ ஏணி வெச்சாலும் எட்டாதுடா, அழாத” என்றான், எல்லோரும் சிரித்து அப்புறம் எல்லோரும் அழுதார்கள். கிரவுண்டில் கோல் கம்பங்களைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்களாம், அதையும் அவர்கள்தான் சொன்னார்கள். பிரின்சிபால் உன் அப்பாவுக்கு ஆள் அனுப்பி, இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். இவர் அதற்குத் தலையாட்டினார், அவ்வளவுதான். இவருக்கு எந்தக் கிரவுண்டும் ஞாபகமில்லை. ஆபரேஷன் ஆனதிலிருந்து இவர் அறைக்குள் வரவில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், மருந்து வாங்கி வருவார், என் கையில் கொடுப்பார், “சாப்பிட்டானா” என்று என்னைக் கேட்பார். அவனும், “அவரு வீட்டுக்குப் போகலையா” என்று என்னைக் கேட்பான். இங்கேயும் நான்தான் தூது. இவர் வெளியே ஒடிந்துபோய்க் கிடக்கிறார், அவன் உள்ளே கவிழ்ந்து கிடக்கிறான், நடுவில் இந்தக் கதவு. நான் யாரைப் பிடித்து எங்கே நிறுத்துவேன் சொல். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன், சத்தம் கேட்காது.

இன்றைக்குக் காலையில் ஒன்று நடந்தது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். நான் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கிக்கொண்டு திரும்பினால் வெளி நாற்காலி காலியாக இருக்கிறது. கதவை மெதுவாகத் தள்ளினேன். உன் அப்பா அறைக்குள் இருந்தார், எங்கே என்கிறாய், கட்டிலுக்கு அடியில். தலைமாட்டில் அந்த ஓட்டைக்கு நேர் கீழே வெறும் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார், சட்டையெல்லாம் தூசி, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நர்ஸ் பார்த்தால் கத்தியிருப்பாள். அவன் கண் போகிற இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டுவிட்டார். அவன் ஒரு கண்ணால் மேலேயிருந்து பார்க்கிறான், இவர் கீழேயிருந்து பார்க்கிறார். டீ ஆறிக்கொண்டிருந்தது. உன் தம்பிதான் முதலில் பேசினான். “முதுகு வலிக்கலையாப்பா?” “வலிக்குதுடா.” “எந்திரிங்க.” “நீ எந்திரிக்கிறப்ப எந்திரிக்கிறேன்.” கொஞ்ச நேரம் கழித்து மெத்தைக்குப் பக்கவாட்டில் அவன் கை கீழே தொங்கியது, இவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

நீ வர முடியுமா என்று கேட்கக் கூடாது, உனக்கு அங்கே ஆயிரம் வேலை, லீவு கிடைக்காது என்று சொல்லிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். கேட்கிறேன். வா. முடிந்த அன்றைக்கு வா. பார்வை வந்தாலும் வராவிட்டாலும் அதை நான் தனியாகக் கேட்க மாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை, நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன வேண்டுவேன் நான். உன் கண்ணாடி ரொம்பப் பவர் உள்ளது இல்லையா, கிட்டப்பார்வைக்காரர்கள் அடிபடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை உள்ளே வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு வா, சாக்குச் சொல்லாதே. தம்பியிடம் நான் எழுதியதைச் சொல்லிக்கொள்ளாதே, தானாகத் தோன்றி வந்த மாதிரி வா.

உன் வரவைப் பார்த்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா